கால் போனா கணக்கும் போயிடுமோ? வெள்ளவத்தையில நான் பாத்த ஒரு கேஸ்

சீனி வருத்தத்தால (நீரிழிவால) ஒரு கால் எடுத்த கடைக்காரர் ஒருத்தரின்ர கேஸ் இது, அவரை அங்கிள் எண்டும் மனிசியை அன்டி எண்டும் எழுதுறன். எழுத முதல் என்ர பிழையொண்டைச் சொல்லிடுறன். முதல் நாள் அவையின்ர வீட்டுக்குப் போகேக்க அங்கிள் கதிரையில இருக்கிறார், வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, பாண்டேஜ் சுத்தி ஒரு சின்ன ஸ்டூல்ல தூக்கி வச்சிருக்கு, அன்டி தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிறா, நான் அன்டியைப் பாத்து "இவர் ஒழுங்காச் சாப்பிடுறாரோ, இரவில நித்திரை கொள்ளுறாரோ" எண்டு கேக்கிறன். ஆள் ரெண்டடி தூரத்தில இருக்கிறார். காது வடிவாக் கேக்கும், முப்பது வருசமாக் கடை நடத்தி ஆயிரம் பேரோட வாய் குடுத்த மனுசன். அவர் ஒண்டும் சொல்லேல்ல, மேல சுத்திற ஃபேனைப் பாத்துக்கொண்டு இருந்தார். இரவு வீட்ட வந்து நோட்ஸ் எழுதேக்கதான் எனக்கு உறைச்சது. உளவளத்துணைதான் என்ர தொழில், எனக்கே கேள்வி தானா அன்டியிட்டப் போகுது எண்டா ஒழுங்கையில போறவன் வாறவனை நான் என்னத்தைச் சொல்ல.

ஆளை அடையாளம் பிடிக்காத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கிறன். எழுதுங்கோ எண்டு சொன்னது அங்கிள்தான், அன்டிக்கும் மகளுக்கும் வாசிச்சுக் காட்டித்தான் போடுறன்.

ஆளும் நடந்ததும்

வயசு 54. யாழ்ப்பாணப் பக்கத்தில இருந்து 90களில கொழும்புக்கு வந்தவர். வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில பலசரக்குக் கடை, கடைக்கு மேலயே வீடு. மனிசி, 16 வயசு மகள், கடையில வேலை செய்யிற ஹட்டன் பெடியன் ஒருத்தன், இவ்வளவுதான் அவற்ற உலகம். பன்னிரண்டு வருசமா சீனி வருத்தம்.

2022ல என்ன நடந்தது எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும், நாட்டின்ர பொருளாதார நெருக்கடி, மருந்துத் தட்டுப்பாடு, இருக்கிற மருந்துக்கும் நெருப்பு விலை, பெற்றோல் கியூ. அங்கிள் மெட்ஃபோமின் எண்ட சீனிக் குளிசையை ரெண்டில இருந்து ஒண்டாக்கினார், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், கிளினிக்கும் போகேல்ல. அந்த வருசக் கடைசியில செருப்பு வார் வெட்டிச் சின்னவிரலடியில ஒரு காயம். கனகாலம் சீனி கூட நிண்டா கால் நரம்பு மரத்துப்போகும், இரத்த ஓட்டமும் குறையும், காயம் நோகாது, நோகாட்டி ஆர் குனிஞ்சு பாக்கிறது? மணக்கத் தொடங்கினாப் பிறகுதான் மகள் கண்டு கத்தினவ. முதல்ல விரல், பிறகு பாதம், 2023 தொடக்கத்தில முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. நான் போனது அதுக்கு ரெண்டு மாசத்துக்குப் பிறகு. மனச்சோர்வைப் பாக்கிற ஒன்பது கேள்விப் படிவம் ஒண்டு இருக்கு, 27க்குப் போடுறது, அண்டைக்கு அவருக்கு 14 வந்தது. நடுத்தர அளவு எண்டு எடுக்கலாம். செத்துப்போனா நல்லம் எண்ட எண்ணம் வருதோ எண்டு நேராக் கேட்டன், "இல்லைப் பிள்ளை, ஆனா இருக்கிறதும் இல்லாததும் ஒண்டுதான் போலக் கிடக்கு" எண்டார். அந்த வசனத்தை அடிக்கோடு போட்டு வச்சனான்.

ஏலாத ஆள்

எங்கட பேச்சில 'ஏலாது' எண்டொரு சொல் இருக்கு. காய்ச்சல் வந்தாலும் ஏலாது, மூட்டை தூக்கவும் ஏலாது, கடன் தரவும் ஏலாது. "அவருக்கு ஏலாது" எண்டா எது ஏலாது எண்டு ஆரும் கேக்கிறேல்ல, முழு மனுசனுக்கும் அதைப் போத்து விட்டாச்சு. அங்கிளுக்கு நடந்தது அச்சொட்டா இதுதான். போனது ஒரு கால், ஆனா சனம் அவற்ற கணக்குப் பாக்கிற மூளையையும், சாமான் நல்லதோ கெட்டதோ எண்டு பாக்கிற கண்ணையும், மகளுக்கு டியூஷன் எங்க போடலாம் எண்டு சொல்லுற புத்தியையும் சேத்து வெட்டி எடுத்தமாதிரி நடந்துது. ரெண்டாம் உலகப் போர்ல கை கால் இழந்து வந்த சிப்பாய்மாரோட கதைச்சு தமாரா டெம்போ, பியற்றிஸ் ரைட் எண்ட உளவியலாளர் ஆக்கள் அமெரிக்காவில செய்த ஆய்வு 1956ல வந்தது, அதில இதைப் 'பரவல்' எண்ட கருத்தில சொல்லியிருக்கினம், உடம்பில ஒரு இடத்துக் குறையை ஆளின்ர எல்லாப் பக்கத்துக்கும் பரப்பிப் பாக்கிறது. எனக்கு அது பாடப்புத்தகத்தில படிச்சு மறந்த சொல், விளங்கினது வங்கி வாசல்லதான்.

கடைக் கணக்கில ஒரு கையெழுத்துப் போடவேணும். வங்கிக்கு மூண்டு படி, கைபிடி இல்லை. வீல்சேரை ரோட்டில நிப்பாட்டிட்டு அன்டி உள்ள போய்ச் சொல்ல, ஒரு உத்தியோகத்தர் படிவத்தோட வெளிய வந்தார், அது நல்ல மனசுதான், நான் குறை சொல்லேல்ல. ஆனா அவர் அங்கிளைப் பாக்காம அன்டியைப் பாத்துக் கேக்கிறார், "மஹத்தயாட அத்சன் கரன்ன புளுவன்த?" ஐயாவுக்குக் கையெழுத்துப் போட ஏலுமோ எண்டு. எடுத்தது கால். அங்கிள் பேசாம பேனையை வாங்கிப் போட்டார், அண்டைக்குக் கையெழுத்து உண்மையாவே நடுங்கித்தான் இருந்தது, எழுத ஏலாமலில்லை, கோவத்தில.

இந்தப் படி விசயத்தை இதோட விடவும் எனக்கு மனசில்லை. எங்கட நாட்டில இயலாமையுள்ள ஆக்களின்ர உரிமையைப் பாதுகாக்கிற 1996ம் ஆண்டு 28ம் இலக்கச் சட்டம் இருக்கு, 2006ல பொதுமக்கள் போய்வாற கட்டடங்களுக்கு வீல்சேர் போற வழி வைக்கவேணும் எண்டு ஒழுங்குவிதி வந்தது, 2011ல உயர் நீதிமன்றமும் அதைக் கட்டாயம் செய்யச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது, 2016ல இயலாமையுள்ள ஆக்களின்ர உரிமைக்கான ஐநா சமவாயத்தையும் அரசாங்கம் ஏற்று உறுதிப்படுத்தினது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில அஞ்சு வயசுக்கு மேற்பட்ட ஆக்களில 8.7 வீதம் பேருக்கு ஏதோ ஒரு இயலாமை இருந்தது, நூறு பேர் வாற வாசலில எட்டொன்பது பேர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அந்த மூண்டு படி இல்லாமச் சரிவுப் பாதை இருந்திருந்தா அங்கிள் உள்ள போய் கவுண்டர்ல முகத்துக்கு முகம் பாத்துக் கதைச்சிருப்பார், அந்தக் கேள்வியே வந்திராது. மனத்தாக்கம் எண்டு நாங்கள் ஃபைல்ல எழுதுறதில பாதி சீமெந்தால கட்டினது.

சண்டை பிடிக்காத சனம்

மூண்டாம் தரம் சந்திக்கேக்கதான் அங்கிள் தானாக் கதைச்சார். அவர் சொன்னது காலைப் பற்றி இல்லை. "பிள்ளை, ஒருத்தரும் விலை பேசினம் இல்லை" எண்டார். எனக்கு முதல்ல விளங்கேல்ல. பிறகு விளக்கினார்: கடையில திரும்ப வந்து இருக்கத் தொடங்கி ரெண்டு கிழமை, முந்தி தக்காளியை ஒவ்வொண்டா அமத்திப் பாத்து "என்ன அண்ணை இதுக்கு முந்நூறோ, மாக்கெட்ல போய்ப் பாருங்கோ" எண்டு கத்திற அம்மாமார் இப்ப சொன்ன விலையைக் குடுத்துட்டுக் கெதியாப் போகினம். மிச்சக் காசில பிழை விட்டாலும் கேக்கினம் இல்லை. ஒருநாள் வேணுமெண்டே அழுகின தக்காளி ரெண்டைப் போட்டுப் பாத்தாராம். அந்த மனிசி கண்டுட்டு, ஒண்டும் சொல்லாம பையைக் கட்டிக்கொண்டு போச்சுதாம்.

இதை அவர் சொல்லேக்க குரல் உடைஞ்சது. கால் எடுத்த நாளிலகூட அழாத மனுசன்.

1966ல ரொபேர்ட் கிளெக் எண்ட உளவியலாளர் ஆக்கள் ஒரு பரிசோதனை செய்தவை, ஒரு கால் இல்லாத மாதிரித் தெரியிற விசேட வீல்சேர்ல ஒருத்தரை இருத்தி மற்றவையை அவரோட கதைக்க விட்டவை. கதைக்க வந்த ஆக்கள் கெதியாக் கதையை முடிச்சினம், எல்லாரும் ஒரேமாதிரி விறைச்சு நடந்தினம், அதைவிடத் தங்கட உண்மையான அபிப்பிராயத்தை மறைச்சு வேற அபிப்பிராயம் சொன்னவை. தக்காளி அழுகல் எண்டு சொல்லாமப் போன மனிசியும் அதைத்தான் செய்தது. மனசில கெடுதல் இல்லை, பாவம் பாத்ததுதான், ஆனா கடைக்காரனுக்கு விலை பேசிறதுதான் மரியாதை, அதை எடுத்துட்டா அவருக்கு மிஞ்சிறது பிச்சை வாங்கிற இடம் மட்டும்தான்.

கடைப் பெடியனும் மாறிட்டான். பருப்பு முடிஞ்சா முந்தி "மொதலாளி, பருப்பு இல்ல" எண்டு கத்துவான், இப்ப அன்டியிட்டப் போய் மெதுவாச் சொல்லுறான். ஏன் எண்டு கேட்டன். "மொதலாளிக்கு டென்ஷன் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன் மிஸ்" எண்டான், கண்ணெல்லாம் கலங்கிட்டுது அவனுக்கு.

ஆனா எல்லாத்தையும் காலில போட்டுப் பாக்கிற பழக்கம் அங்கிளுக்கும் வந்திருந்தது, அதையும் எழுதத்தான் வேணும். வழமையா வாற ஒரு ரீச்சர் வாறதை நிப்பாட்டிட்டா, என்னைப் பாக்க அருவருப்பு எண்டு முடிவு கட்டி வச்சிருந்தார். விசாரிச்சா அவ தெஹிவளைக்கு வீடு மாறிப் போயிட்டா. 1980ல இதே கிளெக்கும் ஸ்ட்ரென்டா எண்டவரும் செய்த இன்னொரு பரிசோதனையை அவருக்குச் சொன்னன்: முகத்தில மேக்கப்பால தழும்பு வரைஞ்சு கண்ணாடியில காட்டிட்டு, பிறகு பூசுறம் எண்டு சொல்லி அதை அவைக்குத் தெரியாம அழிச்சுப்போட்டு ஆக்களோட கதைக்க விட்டவை, திரும்பி வந்து எல்லாரும் என்ர தழும்பைத்தான் பாத்தவை எண்டு சொல்லிச்சினம். அங்கிள் கனநேரம் யோசிச்சிட்டு, "அப்ப பாதி அவையின்ர கண், பாதி என்ர கண்" எண்டார். நான் அதுக்கு மேல ஒரு சொல்லும் சேக்கேல்ல.

வீட்டுக்குள்ள

அன்டியைப் பற்றி எழுதேக்க எனக்குக் கவனம் வேணும், ஏனெண்டா அவவைப்போல ஒரு மனிசி கிடைக்க மாட்டா. ராத்திரி அவர் நோகுது எண்டு சொன்னா முழங்காலுக்குக் கீழ ரெண்டு தலகணி வச்சு உயர்த்தி விடுவா, ஒவ்வொரு இரவும். பிஸியோ மிஸ் வந்து பாத்துட்டு உடன எடுக்கச் சொன்னா: தலகணியில மடக்கி வச்சபடி கிடந்தா முழங்கால் மடங்கினமாதிரியே இறுகிடும், பிறகு நேரா நீட்ட வராது, பொய்க்கால் போட்டாலும் நடக்கேலாது. அப்பவே ஒரு பத்துப் பாகை இறுகித்தான் இருந்தது. அன்டி அந்தத் தலகணியை மடியில வச்சுக்கொண்டு விக்கி விக்கி அழுதா, நான் அவருக்கு நல்லது எண்டெல்லோ செய்தனான் எண்டு.

சொந்தக்காரர் ஃபோன் எடுத்து, ஆறுதல் சொல்லி, ஆறுதலோட ஒரு ஊசியும் குத்துவினம். "கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாம்", "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்", ஒரு மாமி மட்டும் "போன பிறப்பில செய்த வினை". கனடாவில இருக்கிறவைக்கு 2022ல இஞ்ச மருந்து என்ன விலை வித்தது எண்டு தெரியாது. உலகம் நியாயமானது, நல்லவனுக்குக் கெட்டது வராது எண்டு நம்பினாத்தான் எங்களுக்கு வராது எண்டு நாங்கள் நிம்மதியா இருக்கலாம், அதால வந்தவன்ல குற்றம் கண்டுபிடிக்கவேண்டிக் கிடக்கு. மெல்வின் லேர்னர் எண்ட உளவியலாளர் 60களில இருந்து இதைத்தான் ஆய்வு செய்தவர். ஊழ்வினைக் கதையும் வாயைக் கட்டுற கதையும் எனக்கு ஒரே மரத்துக் காய்தான்.

இன்னொரு பக்கம், அவர் அழேல்ல எண்டு ஒரு கவலை. "இன்னும் ஏத்துக்கொள்ளேல்ல, ஒருநாள் உடைஞ்சு விழுவார்" எண்டு வந்து பாக்கிற எல்லாரும் சொன்னவை, எனக்கு முதல் பாத்த ஒருத்தர் ஃபைல்லயும் அப்பிடி எழுதியிருந்தா. இழப்பு எண்டா முதல்ல மறுப்பு, பிறகு கோவம், பிறகு அழுகை எண்டு படிப்படியா வந்தேயாகவேணும் எண்ட நம்பிக்கை எங்கட துறைக்குள்ளயும் ஆழமா இருக்கு. 1989ல வோட்மன், சில்வர் எண்ட ரெண்டு உளவியலாளர் ஆய்வுகளை எடுத்துப் பாத்து, எல்லாரும் அப்பிடி உடையிறேல்ல, உடையாட்டி அது நோய் அடையாளமும் இல்லை எண்டு காட்டினவை. 1999ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வில இயலாமையோட வாழிற 153 பேரைக் கேட்டவை, நடுத்தரமும் கடுமையுமான இயலாமை உள்ள ஆக்களில 54.3 வீதம் பேர் தங்கட வாழ்க்கைத்தரம் நல்லம் அல்லது மிக நல்லம் எண்டு சொல்லியிருக்கினம். வெளிய நிண்டு பாக்கிற எங்களுக்குத்தான் அது நம்பேலாமக் கிடக்கு. நான் அந்த 'ஏற்கவில்லை' எண்ட வரியை வெட்டிட்டு, 'துக்கத்தைவிட இடமிழப்பு' எண்டு எழுதினன், அதாவது கால் போனதைவிடச் சனத்துக்குள்ள தன்ர இடம் போனதுதான் அவருக்கு நோ.

இல்லாத காலில பெருவிரல் முறுகிற மாதிரி நோகுது எண்டும் சொன்னவர், பைத்தியம் எண்டு நினைப்பினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாம வச்சிருந்தவர். இது கால் எடுத்த கனபேருக்கு வாறது. எங்கட தமிழ்நாட்டு நரம்பியல் ஆய்வாளர் விலயனூர் ராமச்சந்திரன் 90களில கொண்டுவந்த கண்ணாடி முறை இருக்கு, ரெண்டு காலுக்கும் நடுவில கண்ணாடியை வச்சு இருக்கிற காலின்ர விம்பத்தைப் பாத்தபடி அசைக்கிறது, எல்லாருக்கும் சரிவாறேல்ல. சவரக் கண்ணாடி சின்னனா இருந்ததால காலி வீதியில ஒரு நீளக் கண்ணாடி வாங்கினம். இவருக்கு ஓரளவு குறைஞ்சது.

நானா வந்த நாள்

நான் திட்டம் போட்டு எவ்வளவோ செய்தன், ஆனா திருப்பம் வந்தது என்னால இல்லை. புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில இருந்து வெங்காயம் கிழங்கு போடுற நானா (முஸ்லிம் வியாபாரியை நாங்கள் அப்பிடித்தான் கூப்பிடுறது) ஒருத்தர், செக் ரிட்டன் ஆகி ரெண்டு மாசம், ஆள் சுகமில்லை எண்டு பொறுத்துப் பாத்துட்டு ஒருநாள் நேர கடைக்கு வந்துட்டார். நானும் அப்ப மேல போறதுக்குப் படியடியில நிக்கிறன். அன்டி ஓடிவந்து "நானா, இவருக்கு ஏலாது, நான் பாத்துத் தாறன்" எண்டு கும்பிடாத குறை. நானா அவவை விலத்திக்கொண்டு நேர அங்கிளுக்கு முன்னால போய் நிண்டு, "மொதலாளி, ஒங்க காலுக்கு நான் துஆ கேட்டேன், அது வேற. செக்குக்கு என்ன பதில்? காலு போனா கணக்கும் போயிருமா?" எண்டு கேட்டார். ஒழுங்கையே கேக்கிற குரல்.

அன்டிக்கு முகம் வெளிறிட்டுது. அங்கிள் மேசை லாச்சியை இழுத்து, பழைய பில் கட்டை எடுத்து, "நானா, நீங்கள் அனுப்பினது அறுபது கிலோ, பில்லில எழுவது போட்டிருக்கு, அதைத் திருத்திக்கொண்டு வாங்கோ பிறகு கதைப்பம்" எண்டார், அவரும் கத்தித்தான். கால் மணித்தியாலம் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சினம். கடைசியில மூண்டு தவணை எண்டு முடிவாகி நானா பிளேன்டீ குடிச்சிட்டுப் போனார். அண்டைக்கு இரவு அங்கிள் தானாச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவராம்.

தால்கொட் பார்சன்ஸ் எண்ட சமூகவியலாளர் 1951ல சொன்னது ஒண்டு இருக்கு, வருத்தக்காரன் எண்டு ஆன உடன சமூகம் அவனைக் கடமையில இருந்து விடுவிக்கும் எண்டு. காய்ச்சலுக்கு அது சரி, கிழமையில முடிஞ்சிடும். கால் திரும்ப முளைக்காது, அப்ப அந்த விடுவிப்பு சாகும்வரைக்கும் எண்டா அதுக்குப் பேர் விலத்தி வைக்கிறது. நானா ஒருத்தர்தான் அவரை வருத்தக்காரனா எடுக்காம கடன்காரனா எடுத்தவர்.

அதைப் பிடிச்சுக்கொண்டுதான் பிறகு வேலை செய்தம். பெடியனிட்டச் சொன்னம், சரக்கு விசயம் எல்லாம் முதலாளியிட்ட மட்டும். அன்டி மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பேசாம இருக்கப் பழகினா, ஆராவது அவவைப் பாத்துக் கேட்டா "அவரிட்டக் கேளுங்கோ" எண்டு மட்டும் சொல்லுவா. வாடிக்கையாளருக்கு அங்கிளே ஒரு வசனம் செய்து வச்சிருந்தார், "சீனியால எடுத்தது, இப்ப சுகம், உங்களுக்கு என்ன வேணும்?" எண்டு. காலைப் பற்றித் தானே முதல்ல சொல்லிட்டா எதிர்ல நிக்கிறவையின்ர இறுக்கம் குறையும் எண்டு 1979ல ஒரு ஆய்வு வந்திருக்கு, ஆனா அந்தக் கடைசிக் கேள்வியைச் சேத்தது அவற்ற கெட்டித்தனம். கொழும்பில ஃப்ரெண்ட் இன் நீட் சொசைட்டி எண்ட தொண்டு நிறுவனம் 1985ல இருந்து ஜெய்ப்பூர் கால் எண்ட பொய்க்கால் செய்து குடுக்குது, புண் ஆறி வீக்கம் வத்தினாப் பிறகு அங்க அளவு எடுத்தம். ஏற்கனவே பொய்க்கால் போட்டு த்ரீவீல் ஓடுற ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தன், அவர் என்னை வெளிய போகச் சொல்லிட்டு அங்கிளோட ஒரு மணித்தியாலம் கதைச்சார். குந்து டொய்லெட்ல எப்பிடிச் சமாளிக்கிறது, மழையில எப்பிடிக் கால் வைக்கிறது, மனிசியோட படுக்கிறது எல்லாம் கதைச்சவையாம். நான் ஆறு தரம் வந்து தொடாத விசயங்கள்.

நாலு மாசத்தில மனச்சோர்வுப் படிவத்தில 14ல இருந்து 6க்கு இறங்கினது. காலி வீதியில ஓடுற நூறாம் நம்பர் பஸ் ஏற இன்னும் ஏலாது, படி உயரம், ஆள் ஏற முதல் பஸ் இழுத்திடும். அங்க அவருக்கு ஏலாமலில்லை, பஸ்ஸுக்குத்தான் ஏலாது.

மகளின்ர விசயம் முடியேல்ல. ஸ்கூல் பெற்றோர் கூட்டத்துக்கு "அப்பா கஷ்டப்பட வேணாம், அம்மா வரட்டும்" எண்டு சொன்னவ. என்னோட தனியக் கதைக்கேக்க உண்மையைச் சொன்னா, பிள்ளையள் அப்பாவைப் பாத்துட்டு பிறகு என்னைப் பாக்கிற பார்வை எனக்கு ஏலாது அக்கா எண்டு. சமூகவியலாளர் கோஃப்மன் 1963ல எழுதினது போல குறை எண்டு சனம் நினைக்கிறது பக்கத்தில நிக்கிறவையிலயும் ஒட்டும், 16 வயசில அது எவ்வளவு பாரம் எண்டு எனக்குத் தெரியும், அதால நான் அவவைத் திருத்தப் போகேல்ல. அங்கிளுக்கும் விளங்கியிருக்கு, கேக்கிறேல்ல. கடைசிக் கூட்டத்துக்கும் அன்டிதான் போனவ.

நான் கடைசியாப் போனது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கடை பூட்டுற நேரம். ஒரு கால் போனாப் பிறகு மற்றக் காலுக்கும் ஆபத்துக் கூட, ஒவ்வொரு இரவும் உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் பாக்கவேணும். நீளக் கண்ணாடியை நிலத்தில சாத்தி வச்சு அங்கிள் இடது காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு இருக்கிறார். மகள் நிலத்தில சப்பாணி கட்டி இருந்து, ஃபோன் டோர்ச்சை அடிச்சு, ஒவ்வொரு விரலையும் விரிச்சு விரிச்சுப் பாக்கிறா. "அப்பா அசையாதேங்கோ, குதிக்கால்ல ஒரு வெடிப்பு இருக்கு" எண்டு சொல்லி, கிறீமை எடுக்க எழும்பிப் போனா.